மன்றாட்டுக்குப் பதில் சொன்னவர்கள்

என் குரலைத் திருடியது வெளியாள் இல்லை, என் வீட்டுக்காரர்தான். தாலி கட்டியவர் எடுத்தால் அது திருட்டாகுமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கேட்காமல் எடுத்தால் எங்கள் ஊரில் அதற்கு அந்தப் பேர்தான்.

நான் ஐரின். திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே சேலை விற்கிறேன். சின்னாளப்பட்டியில் தறி போட்டிருக்கிற வீடுகளுக்குப் போய்ச் சுங்குடிச் சேலை எடுத்து வந்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பேன். வீட்டுக்காரர் ஆண்டனிராஜ் ஞாயிற்றுக்கிழமை பூசையில் கீபோர்டு வாசிப்பவர். மற்ற நாட்களில் மாடி அறையில் உட்கார்ந்து நகைக்கடைக்கும், பிளாட் விற்கிறவர்களுக்கும் விளம்பரப் பாட்டுப் போட்டுக் கொடுப்பார். அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி வைத்து அதற்கு ஸ்டூடியோ என்று பெயரும் வைத்திருக்கிறார்.

நாலு வருடத்துக்கு முன்னால் என் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் குரல் மாறலாம், போகவும் போகலாம் என்று மதுரை டாக்டர் சொன்னார். நான் மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். குரல் திரும்பி வந்தால், உயிர் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் எங்கள் பங்குக் கோயில் திருவிழா அன்று சப்பரத்துக்கு முன்னால் நடந்து மன்றாட்டுமாலை சொல்வேன், ஒரு வருடமும் விடமாட்டேன் என்று. குரல் வந்தது. மேல் ஸ்தாயி மட்டும் வரவில்லை. இவ்வளவாவது கிடைத்ததே என்று நானும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வந்தேன்.

மன்றாட்டுமாலை என்பது வேறொன்றுமில்லை. ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்லும். ஐம்பது பட்டம் இருக்கும். சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லிச் சொல்லி, பட்டம் முடிவதற்குள் பதில் வந்து விழும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் தப்பில்லாமல் சொல்வார்கள்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள், சேலை மூட்டையோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஸ்பீக்கரில் டிரம்ஸ் அதிர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று டிரம்ஸ் நின்று ஒரு பெண் குரல் வந்தது.

"சொர்ணமயமாயிருக்கிற ஆலயமே."

மாதாவின் பட்டங்களில் அதுவும் ஒன்று. குரல் என்னுடையது. இப்போதைய குரல் இல்லை, ஆபரேஷனுக்கு முந்தைய குரல். மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் குரல், பாட்டும் பேச்சுமாக.

"மூணு பெட்ரூம் வில்லாவே."

அப்புறம் வெறும் டிரம்ஸ், நாலு தட்டு. "இத்தாலி டைல்ஸே." மறுபடியும் நாலு தட்டு. பதில் வர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"யாரு தம்பி பாடுறது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"நம்ம ஊர் ஆளு போட்டதாம்க்கா. ரெண்டு நாளா இதான் ஓடுது."

"அந்தப் பொம்பளை?"

"அது ஏதோ பழைய ரெக்கார்டாம்."

பழைய ரெக்கார்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மூட்டையைக் கீழே வைக்காமல் நேரே மாடிக்கு ஏறினேன்.

"ஏங்க, என் குரலு எப்பிடிங்க ஆட்டோவுல போவுது?"

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "கேட்டுட்டியா? நல்லாருக்கா?"

"நல்லாருக்கான்னு கேக்குறீங்களே, நீங்கல்லாம் மனுசனா?"

அவர், சொல்லிவிடுவோம் என்ற முடிவுக்கு வந்தவர் போல நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ராயப்பராஜ் அண்ணன் புது வீட்டைச் சாமியார் வந்து மந்திரிச்சாருல்ல, அன்னைக்கு நீதான மன்றாட்டு சொன்ன. நான் கடைசியில நின்னேன். அம்புட்டுப் பேரும் பதில் சொல்றாங்க, அம்புட்டுக் கண்ணும் கூரையில தொங்குற லைட்டுல இருக்கு. ஒருத்தரு செவுத்து டைல்ஸைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே வேண்டிக்கொள்ளும்ங்கிறாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு. நகைக்கடைக்கும் பிளாட்டுக்கும் பாட்டுப் போட்டு ஆசையக் கெளப்பி விடுறவனே நான்தான? அதான் எழுதிட்டேன்."

எனக்கு அந்த வீடு ஞாபகம் வந்தது. ராயப்பராஜ் அண்ணன், கோயில் காரியங்களைப் பார்க்கிற எங்கள் பங்குப் பேரவையின் துணைத் தலைவர், செம்பட்டி ரோட்டில் மனை பிரித்து விற்கிறவர். நான் மன்றாட்டு சொல்லிக்கொண்டே அவர் வீட்டுச் சமையலறை அலமாரிகளை எண்ணிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அதை நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

"அதுக்கு என் குரல் எதுக்கு? ஊர்ல வேற பொம்பளையா இல்ல?"

"ரெண்டு பேரை வச்சுப் பாத்தேன். வெறும் நக்கலாப் போச்சு. உன் குரலை வச்ச பெறகுதான் செபம் மாதிரி நின்னுச்சு."

"செபத்தை ரோட்டுல விட்டுட்டு, செபம் மாதிரின்னு வேற சொல்றீங்க. சரி, ஆபர்ல எடுத்த சேலையேன்னு ஒரு வரி வருதே, அது யாருக்கு?"

"அது பொதுவாச் சொன்னது," என்றார். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

"பதில் சொல்ற எடத்தை ஏன் காலியா விட்டீங்க?"

"கோரஸுக்கு ஆள் புடிக்க முடியல. பெறகு சேத்துக்கிடலாம்னு விட்டேன். அப்பிடியே நெட்டுல ஏத்திட்டேன்."

"இந்த ரெக்கார்டு எப்ப எடுத்தது?"

"ஆபரேஷனுக்கு முந்துன வாரம். அடுப்படியில நின்னு நீ சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்த. குரலு போயிருச்சுன்னா எங்கிட்டயாவது இருக்கட்டும்னு எடுத்தேன்."

இதற்கு மேல் கோபப்பட முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய கோபம்.

"எங்கிட்டக் கேட்டிருக்கணும்."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

அவர் டீ குடிக்கக் கீழே போன பிறகு நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை முழுசாகக் கேட்டேன். பாட்டு நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை. என் குரல் வந்த இடத்தில் எல்லாம் எனக்கு அழுகை வந்தது. இனிமேல் என் தொண்டையில் வராத ஒன்றை ஊரெல்லாம் ஆட்டோவில் வைத்துக்கொண்டு திரிகிறார்களே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கே பாட்டை எடுக்கச் சொன்னேன், அவரும் எடுத்தார். ஆனால் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட பிறகு கோணியைத் தைத்து என்ன ஆகப் போகிறது? அதற்குள் ஆளாளுக்கு இறக்கி வைத்துக்கொண்டு, கார் வாங்கினவன் கார் முன்னால் நின்றும், வளையல் வாங்கினவள் கையை நீட்டியும் ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிண்டல் பண்ணி எழுதின பாட்டு, கிண்டல் பண்ணப்பட்டவர்களுக்கே தாலாட்டாகப் போனது. இதில் என் வீட்டுக்காரருக்குத்தான் வருத்தம் அதிகம்.

மூன்றாம் நாள் ராயப்பராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கோபத்தில் கத்துகிறவர் இல்லை அவர். நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஏலே ஆண்டனி, என் வீட்டைத்தான பாடியிருக்க?"

"வீட்டைப் பாடலண்ணே. நம்ம எல்லாரையும்தான் பாடியிருக்கேன்."

"நான் டிவிஎஸ் வண்டியில அலைஞ்சு மனை வித்தவன். ஒருத்தனை ஏமாத்துனதில்ல. கோயிலுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்திட்டுத்தான் மிச்சத்துல கட்டுனேன். ஆண்டவர் குடுத்தாரு, நல்லா இருக்கேன். நல்ல வீட்டுல இருக்கிறது பாவம்னு எந்தச் சுவிசேசத்துல இருக்கு?"

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன். எனக்கும் ராயப்பராஜ் அண்ணன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. ஒட்டகம் ஊசிக் காதில் நுழைந்தாலும் பணக்காரன் மோட்சத்தில் நுழைய மாட்டான் என்று பேசுகிற ஏழைகளில் பாதிப் பேர் ஒட்டகம் கிடைக்காததால் பேசுகிறவர்கள்.

"என்னைச் சொன்னதைக்கூட விட்டிர்றேன்," என்றார் அவர். "மாதா மன்றாட்டை எடுத்து டைல்ஸுக்கும் காருக்கும் போட்டது தேவ நிந்தனை. ஞாயித்துக்கிழமை பேரவையில வைக்கப் போறேன். ஏம்மா ஐரின், ஒன்னையும் சொல்லிர்றேன். இந்த வருசம் சப்பரத்துக்கு முன்னால நீ மன்றாட்டு சொல்ல வேணாம். நீ வாயத் தொறந்தாலே சனம் சிரிக்கும். மாதாவைத் தெருவுல வச்சு அவமானப்படுத்த நான் விட மாட்டேன்."

"அண்ணே, அது என் நேர்ச்சை."

"தெரியும்மா. அதுக்குத்தான் நேர்ல வந்து சொல்றேன்."

அவர் போன பிறகு நான் சமையலறையில் போய்ச் சும்மா நின்றேன். நேர்ச்சையை முறித்தால் மாதா தண்டிப்பார் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் வாங்கிக்கொண்டு கொடுக்காமல் இருப்பது என் பிறவியிலேயே கிடையாது. குரலை வாங்கியாயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் அன்னாள் டீச்சர் வந்தார். எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபம் சொல்கிற அன்பியத்தின் தலைவி, ஓய்வு பெற்றவர், பேரவையிலும் இருக்கிறார். எனக்கு நல்லது நினைக்கிறவர்தான்.

"ஐரின், நான் ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கு ஒண்ணும் தெரியாது, அவர் செஞ்சது பெரிய பாவம், அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு நாளைக்கு எல்லாரு முன்னாலயும் சொல்லிரு. உன்னைய விட்டிருவாங்க."

"எனக்குத் தெரியாதுங்கிறது உண்மைதான் டீச்சர்."

"அப்பிடின்னா சொல்றதுல என்ன கஷ்டம்?"

"ரெண்டாவது பாதி இருக்கே."

அவர் பெருமூச்சு விட்டார். "புருசனைக் காட்டிக் குடுக்கிறதுன்னு நினைக்காத. அவன் ஆம்பளை, நாலு திட்டு வாங்கிட்டுப் போவான். கனடாவுல இருந்து எம் மருமகனே போன் பண்ணி, என்ன அத்தை உங்க பங்குல இப்பிடின்னு கேக்குறாரு. எனக்கு மானமே போச்சு." போகும்போது, ஏதாவது புதுசாக வந்திருக்கிறதா என்று கேட்டு ஒரு மாம்பழக் கலர் சேலையையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் பேரவை கூடியது. எங்கள் பங்குச் சாமியார் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். ராயப்பராஜ் அண்ணன் எழுந்து, ஏற்கெனவே சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

சாமியார் கேட்டார், "பாட்டை யாரெல்லாம் முழுசாக் கேட்டீங்க?"

நாலைந்து கைதான் எழுந்தது. ராயப்பராஜ் அண்ணன்கூட முதல் கொஞ்சம் கேட்டுவிட்டு அருவருப்பில் நிறுத்திவிட்டாராம். அன்னாள் டீச்சர் கேட்டதே இல்லை. மருமகன் சொன்னதுதான்.

"கேக்காம எப்படிங்க தீர்ப்புச் சொல்றது? போடுங்க, கேட்டர்லாம்," என்றார் சாமியார்.

இளைஞர் குழுவின் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். என் வீட்டுக்காரரே போனிலிருந்து போட்டார். டிரம்ஸ் கேட்டதும் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு டிரம்ஸ் நின்று என் குரல் வந்தது. சொர்ணமயமாயிருக்கிற ஆலயமே. மண்டபத்தில் இருந்தவர்களின் முகம் மாறியது. சிலர் தங்களையறியாமல் கையைக் குவித்தார்கள். சாமியார் கண்ணை மூடினார்.

"மூணு பெட்ரூம் வில்லாவே," என்றது பாட்டு.

நாலு தட்டு. அந்தக் காலி இடத்தில், மெதுவாக, அன்னாள் டீச்சரின் குரல் விழுந்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "இத்தாலி டைல்ஸே" என்றதற்கு நாலைந்து பேர் பதில் சொன்னார்கள். "சன்ரூப் வச்ச காரே" வந்தபோது மொத்த மண்டபமும் சொன்னது. குவித்த கையோடு, தலையைக் குனிந்து, மே மாத மாதா வணக்கத்தில் எப்படிச் சொல்வோமோ அப்படியே. "நூத்தியொரு பவுனே" என்றதும் எல்லாக் குரலுக்கும் மேலே ராயப்பராஜ் அண்ணனின் கனத்த குரல் கேட்டது. "ஆபரில் எடுத்த சேலையே" என்றபோது நானும் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது, சொன்னேன். அந்தச் சேலையை விற்கிறவளே நான்தான்.

"கனடா மாப்பிள்ளையே."

அன்னாள் டீச்சர் பாதியில் நிறுத்தினார். அவர் நிறுத்தியதும் பக்கத்தில் இருந்தவர் நிறுத்தினார். அப்படியே வரிசையாகக் குரல்கள் அணைந்துகொண்டு வந்தன. கடைசியாகச் சாமியார் கண்ணைத் திறந்தபோது அவர் வாய் மட்டும்தான் 'கொள்ளும்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டு அதன்பாட்டுக்கு ஓடியது. யாராவது அதை நிறுத்தினால் தேவலை என்று இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நிறுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே அவரைத் தொலைத்திருப்பேன்.

"பழக்கம் ஃபாதர்," என்றார் ராயப்பராஜ் அண்ணன். "சின்ன வயசுப் பழக்கம். வாயில தானா வந்திருச்சு."

"எனக்கும் அப்படித்தானுங்க வந்துச்சு," என்றார் சாமியார். மேசைமேல் இருந்த ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தார். "டீ வந்திருக்குதுங்க. குடிச்சுட்டு வந்து பேசுவோம்."

டீ குடிக்கும்போது வழக்கமாகக் கேட்கிற பேச்சு எதுவும் கேட்கவில்லை. டம்ளரை வைக்கிற சத்தம்தான். திரும்பி வந்து உட்கார்ந்ததும் ராயப்பராஜ் அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். வெட்கப்பட்ட மனிதர் வெட்கத்தை மறைக்கக் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவார்.

"நமக்கே இப்பிடின்னா தெருவுல நிக்கிற சின்னப் பயலுக என்ன செய்வானுக? அதத்தான் நானும் சொல்றேன். ஐரின், ஒண்ணு மட்டும் சொல்லு. உன் வீட்டுக்காரர் செஞ்சது தேவ நிந்தனை, அதுல எனக்குச் சம்மதமில்லைன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிரு. நான் எதுவும் பேசல, நீயே சப்பரத்துக்கு முன்னால சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்னாள் டீச்சர் தலையை லேசாக ஆட்டினார். சொல்லு, சொல்லிவிடு என்று. என் வீட்டுக்காரரும் என் பக்கம் சாய்ந்து, "சொல்லிரு ஐரின், எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார்.

நான் எழுந்தேன்.

"அண்ணே, அவர் என்னையக் கேக்காம என் குரலை எடுத்தாரு. அது தப்பு. அதை நான் அவர்கிட்ட வீட்டுல கேட்டுக்கிருவேன், கேட்டுக்கிட்டும் இருக்கேன். ஆனா வில்லாவுக்கும் பவுனுக்கும் வேண்டிக்கிட்டது அவர் இல்ல. அவர் அந்த இடத்தைக் காலியாத்தான் விட்டிருந்தாரு. அதுல பதில் சொன்னது நாம. நானும்தான் சொன்னேன். அப்பிடி இருக்க, அவரை மட்டும் நிந்தனைன்னு என்னால சொல்ல முடியாது. இதுக்காக நீங்க என் நேர்ச்சையைத் தடுத்தா, தடுத்த கணக்கு உங்க பேர்ல இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாமியார் ராயப்பராஜ் அண்ணனைப் பார்த்தார்.

"அவங்க சொல்லட்டுங்க," என்றார். "நேர்ச்சையில கை வைக்க எனக்குப் பயமா இருக்குதுங்க."

ராயப்பராஜ் அண்ணன் மறுபடி எழுந்தார். "சரி ஃபாதர். ஆனா ஸ்பீக்கர் வண்டியில ஆண்டனி வேணாம். நான் நிக்கிறேன், சுவிட்சு என் கையில இருக்கட்டும். ஒருத்தன் அந்தப் பாட்டு மாதிரி தாளம் தட்டிப் பதில் சொன்னாலோ, சிரிச்சாலோ, அந்த எடத்துலயே மைக்கை அணைச்சிருவேன். அதோட மன்றாட்டு முடிஞ்சுது."

நான் சரி என்றேன். வேறென்ன சொல்ல? பாதியில் நின்றால் நேர்ச்சை நிறைவேறியதா இல்லையா என்று யாரைக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

பேரவையில் நடந்தது பேரவையோடு நிற்குமா? அன்று சாயங்காலமே கறிக்கடை வரைக்கும் போய்விட்டது. பேரவையே எழுந்து நின்று வில்லாவுக்கு வேண்டிக்கொண்டது என்று கூட்டியே சொன்னார்கள். நவநாள் ஒன்பது நாளும் கோயில் வாசலில் இதே கேலிதான். கேலி செய்கிறவனும், நாம் இருந்திருந்தால் நாமும் சொல்லியிருப்போமோ என்ற சந்தேகத்தோடுதான் செய்தான். என் வீட்டுக்காரர் மட்டும் யாரோடும் பேசாமல் கீபோர்டை வாசித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். ஹார்ட் டிஸ்கிலிருந்த என் பழைய குரலை ஒரு பென்டிரைவில் போட்டு என் கையில் கொடுத்து, "இனி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார். நான் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

திருவிழா அன்று பொழுது சாய்ந்து சப்பரம் கிளம்பியது. மாதாவுக்கு நீலப் பட்டு, சுற்றிலும் சம்பங்கி மாலை. முன்னால் தள்ளுவண்டியில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் இருந்தன. வண்டியைப் பிடித்துக்கொண்டு ராயப்பராஜ் அண்ணன் நடந்தார், விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் சனம். கடை வாசல்களில் இளவட்டங்கள் கூட்டமாக நின்றார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்தின் கடைசியில் எங்கோ இருந்தார்.

நான் மைக்கை வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அர்ச்சிஷ்ட மரியாயே."

பதில் வரவில்லை.

மூன்று வருடமும் என் கடைசி எழுத்தின் மேலேயே ஏறி வந்த பதில், அன்றைக்கு வரவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். ராயப்பராஜ் அண்ணன் விரலைப் பார்த்தேன்.

அப்போது வந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." மொத்தமாக, மெதுவாக, ஒரே நேரத்தில்.

அடுத்த பட்டத்துக்கும் அதே மாதிரி. நான் சொல்லி முடிப்பேன், ஒரு இடைவெளி விழும், பிறகு பதில் வரும். நாலைந்து பட்டம் போன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஏமாந்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தார்கள். பட்டத்தை முழுசாகக் கேட்டு, மாதாதானா, வில்லா இல்லையே என்று உறுதி பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தார்கள். பிறந்ததிலிருந்து இந்த மன்றாட்டைச் சொல்கிறவர்கள், அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நடந்தேன்.

ஆனால் அந்த ஒரு பட்டம் வர வேண்டியிருந்தது. அதைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டோவில் கேட்டவர்களுக்கும் தெரியும், ரீல்ஸ் போட்டவர்களுக்கும் தெரியும். அதற்கடுத்து அவர்கள் காதில் டிரம்ஸ்தான் விழும். தட்டுவதற்குக் கையும் தயாராக இருக்கும்.

"சொர்ணமயமாயிருக்கிற ஆலயமே."

மேலே போக வேண்டிய இடத்தில் என் குரல் உடைந்தது. பாட்டில் கேட்ட குரல் இல்லை இது என்று தெரு முழுக்கத் தெரிந்துபோனது. கடை வாசலில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தான். இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் மைக்கை இறுக்கிப் பிடித்தேன். அணைத்தால் அணைக்கட்டும், மைக் இல்லாமல் மிச்சத்தையும் சொல்லிவிடுவது என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

பெண்கள் பக்கமிருந்து முதலில் பதில் வந்தது. பிறகு கடை வாசல்களிலிருந்தும். யாரும் தாளம் தட்டவில்லை.

ராயப்பராஜ் அண்ணன் மட்டும் பதில் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். விரல் சுவிட்சில் இல்லை. நான் அடுத்த பட்டத்துக்குப் போனேன். அதற்கும் அதன் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அவர் குரல் வழக்கம்போல் கனமாகக் கேட்டது.

சப்பரம் கோயிலுக்குத் திரும்பியது. சாமியார் ஆசீர்வாதம் கொடுத்ததும் கூட்டம் பொரிகடலைக் கடைகளுக்குக் கலைந்தது. மைக்கைக் கொடுக்கப் போனேன். ராயப்பராஜ் அண்ணன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ஒண்ணுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லலையே," என்றேன். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டேன்.

அவர் வயரைச் சுருட்டி முடித்து வண்டியில் வைத்தார்.

"யோசிச்சேன்மா," என்றார். "சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். அதுக்குள்ள நீ அடுத்ததுக்குப் போயிட்ட."

மைக்கை வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

"அடுத்த வருசம் செத்த மெதுவாச் சொல்லு."